சத்தம் ஏற்றும் குமிழ்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா அது, பழைய டிவியா?”

“இல்லைங்கண்ணா. கிடார் ஆம்ப்ளிஃபயர்.”

“பாட்டுப் பொட்டியா? கீழ வச்சீனா லக்கேஜு. மடியில வச்சிக்கினா கொழந்தை. எதுன்னு நீயே சொல்லு.”

அஸ்வினி அதைக் குழந்தையாகவே வைத்துக்கொண்டாள். அரை மூட்டை சிமெண்ட் கனமுள்ள குழந்தை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரே பக்கமாக அழுத்தியதில், வண்டி முண்டியம்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் இடது தொடை மரத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக் கட்டடம் ஜன்னலில் வந்து போயிற்று. அம்மா அஞ்சம்மாள் இந்நேரம் அங்கே ஏதோ ஒரு வார்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுகிறவள். திண்டிவனம் போகப்போவதை அஸ்வினி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், “அந்த டொய்ங் டொய்ங்க வித்துட்டு ஒரு தையல் மெஷின் வாங்கிப் போடு” என்பாள். புதிதாக ஒன்றும் இல்லை. பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்வதுதான்.

அந்தப் பெட்டி புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த மின்விசிறிகளுக்கு நடுவில் கிடந்தது. விற்றவனுக்கே அது என்னவென்று தெரியாது. மரச்சட்டம், முகத்தில் பழுப்புத் துணி, மேல்பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி வரிசையாகக் குமிழ்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, செல்போன் வீடியோக்களைப் பார்த்துக் கிடார் பழகியவள் அஸ்வினி. இந்த மாதிரிப் பெட்டியைத் திரையில் மட்டும்தான் கண்டிருந்தாள். அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது யாராவது துரத்திவந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அது கெட்டுவிட்டது. கெடுவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

தேவசகாயத்தின் மெல்லிசைக் குழுவில் அவளைச் சேர்த்து அதிக நாள் ஆகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அதுதான் அவளுக்கு முதல் மேடை. முதல் பாட்டு கிடாரில் தனியாகத் தொடங்கும். இல்லாத இடத்திலிருந்து மெல்ல எழும்பிவர வேண்டும். நேற்று ஒத்திகையில் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. மயிரிழை நகர்த்தினாள். பெட்டி இடி இடித்தது. பாட வந்திருந்த இசைவாணி மைக்கைக் கீழே போட்டுவிட்டாள். பதறிக் குமிழைத் தொட்டால் கரகரவென்று மணலை மென்றுவிட்டு மறுபடி ஊமையாகிவிட்டது.

தேவசகாயம் கோபக்காரர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“தப்பா எடுத்துக்காத, அஸ்வினி. நாளான்னிக்கி, சனிக்கிழமை ஒத்திகையில இது ஒழுங்கா பேசிச்சுன்னா நீ வாசி. இல்லன்னா கோபி கீபோர்டுலயே கிடார் டோனப் போட்டுடுவான். அப்பறம் கிடாருக்குன்னு தனியா ஒரு ஆளு எனக்கு எதுக்கும்மா?”

மிக்சரில் நேராகச் சொருகி வாசிக்கலாம்தான். ஆனால் அவளுடைய மலிவான கிடார் அப்படி வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுவது போலிருக்கும். அதற்குக் கோபியின் கீபோர்டே தேவலை. இந்தப் பெட்டிதான் அந்தத் தகரத்துக்குத் தொண்டை கொடுத்தது. விழுப்புரத்தில் அவள் கேட்ட மெக்கானிக்குகள், “வால்வா? நா கை வைக்க மாட்டம்மா” என்று கையைத் துடைத்துக்கொண்டார்கள். நேற்று இரவு படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். அம்மா தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தாள்.

அப்போதுதான் சித்ராவின் நினைவு வந்தது.

சித்ராவுக்குத் திண்டிவனத்தில் மைக் செட் கடை. ஒலக்கூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து விழாவில் பழக்கம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியவளை அஸ்வினி வாய் பிளந்து பார்த்தாள். இறங்கி வந்தவள், “இன்னா அப்பிடிப் பாக்கற, கம்பத்துக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?” என்றாள். அஸ்வினி தன் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், “ஒன் பொட்டி ஏதுன்னா மக்கர் பண்ணா எட்தா” என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்தப் பயணம்.

பெட்டியைக் கடை மேசையில் இறக்கியதும் சித்ரா பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். வாயிலிருந்த பாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

“அடியே. வால்வு.”

“பண்ண முடியுமாக்கா?”

“ஐடிஐல புக்குல பாத்தேன். நேர்ல இன்னிக்கித்தான் பாக்கறேன்.”

அஸ்வினியின் முகம் விழுந்தது. சித்ரா அதைக் கவனித்தாள்.

“மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிக்கிற? தெரியாதுன்னுதான சொன்னேன், முடியாதுன்னா சொன்னேன்? மொதல்ல ஆன் பண்ணு. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லட்டும்.”

வெயில் நேராக மேசையில் விழுந்ததால் ஷட்டரைப் பாதி இறக்கினாள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வால்வுகளின் அடியில் நெருப்புக்குச்சி அணைந்தபின் முனையில் மிஞ்சும் சிவப்பைப்போல் ஒரு புள்ளி தோன்றியது. அது மெல்ல ஆரஞ்சாகி, கண்ணாடிக்குள் நின்றது. வீட்டில் அதன் பின்கதவை அஸ்வினி ஒருநாளும் கழற்றியதில்லை. இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் இப்படியொன்று எரிந்துகொண்டிருந்ததா என்று அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தாள். சித்ராவும் குனிந்தாள்.

வாங்கிப்போக வந்த குழாய் ஸ்பீக்கரைத் தோளில் வைத்துக்கொண்டே வேர்க்கடலை விற்கும் குமரேசன் என்கிற வாடிக்கைக்காரர் ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டினார்.

“இன்னாக்கா, கடையில அடுப்பு பத்த வச்சிட்டியா?”

“ஆமா, மீன் கொழம்பு. மல்லாட்ட வித்த கையோட வந்து ஒக்காரு, சோறு போடறேன். போய்யா, ஸ்பீக்கரு பத்ரம்.”

அவர் போனதும் சித்ரா கிடார் வயரைப் பெட்டியில் சொருகினாள். கிடாரில் மாட்ட வேண்டிய மறுமுனையை அஸ்வினியிடம் நீட்டினாள்.

“இந்த முனைய வெரலால தொடு.”

“ஷாக் அடிக்குமா?”

“இங்க அடிக்காது. தொடு.”

தொட்டாள். பெட்டி ‘ம்ம்ம்ம்’ என்று ஆழமாக முனகியது. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடி அதே முனகல்.

“எங்கேந்துக்கா வருது இது?”

“ஒங்கிட்டேந்துதான்.”

“என்கிட்டேந்தா?”

“இந்தக் கடை ஒயரு, தெருவுல போற கம்பி, எதுத்தாப்பல வெல்டிங் கடை, அல்லாத்துலயும் கரண்டு ஓடிக்கினு கீதுல்ல. அதுல கொஞ்சம் ஒன் ஒடம்புல வந்து ஒக்காந்துக்கினு இருக்கும். எப்பவும். ஒனக்குத் தெரியல. இதுக்குத் தெரியுது.”

அஸ்வினி விரலை எடுக்கவில்லை. ஊரில் ஓடும் மின்சாரமெல்லாம் தன் உடம்பு வழியாகவும் போகிறது; பிறந்ததிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது; அதைக் கேட்க இப்படியொரு பெட்டி தேவைப்பட்டிருக்கிறது. பள்ளியில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்தாவதோடு நின்றிருக்கமாட்டாளோ என்னவோ.

“அப்பிடியே புடிச்சிக்கினு இரு,” என்று சித்ரா வால்யூம் குமிழைத் திருப்பினாள். முனகல் செத்தது. கரகரத்தது. திடீரென்று பாய்ந்தது. மறுபடி செத்தது. “சரி. ஒன் கிடாருல தப்பு இல்ல, ஒயருலயும் இல்ல. உள்ளதான் எங்கியோ.”

அதற்கப்புறம் அவள் அவசரப்படவில்லை. பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, ஒரே மாதிரி இருந்த சின்ன வால்வு இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினாள். வால்வில் கோளாறு இருந்தால் சத்தம் மாற வேண்டும் என்றாள். மாறவில்லை. தென்னை ஈர்க்கை ஒடித்து அதனால் ஒவ்வொரு வால்வின் தலையிலும் மெல்லத் தட்டினாள். கண்ணாடி தட்டும் ஓசை ஸ்பீக்கரில் டிங் டிங் என்று பெரிதாகக் கேட்டது. அதுவும் நல்லதுதானாம்.

“இப்ப மீட்டர வச்சிப் பாக்கணும். நீ தள்ளி நில்லு. இதுக்குள்ள ஓடறது வீட்டு கரண்டு இல்ல, அதுக்கும் மேல.”

சித்ரா கறுப்பு வயரைப் பெட்டியின் இரும்புத் தகட்டில் கவ்வவிட்டு, இடதுகையைப் புடவை இடுப்பில் செருகிக்கொண்டாள். வலதுகையால் மட்டும் சிவப்புக் கம்பியை உள்ளே கொண்டுபோனாள்.

“கைய ஏங்க்கா செருகிக்கினீங்க?”

“ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு ஒரு கையில ஏறி இன்னொரு கையில எறங்கும். நடுவுல இன்னா இருக்கு?”

அஸ்வினி தன் நெஞ்சைத் தொட்டாள்.

“அதான். ஒரு கை எப்பவும் வீட்லயே இருக்கணும்.”

வால்யூமின் இணைப்புக் காலில் கம்பியை வைத்தாள். மீட்டர் சுழி காட்டியது. சித்ரா உதட்டைப் பிதுக்கினாள். வால்யூமுக்கு முன்னால் உள்ள கெபாசிட்டர் கசிந்தாலும் இப்படித்தான் கரகரக்குமாம். அது கசியவில்லை. மிச்சம் இருப்பது வால்யூம் மட்டும்தான்.

பிளக்கைப் பிடுங்கியதும் அஸ்வினி கையை உள்ளே நீட்டப் போனாள். சித்ரா மணிக்கட்டில் ஒரு அடி வைத்தாள்.

“புடுங்கிட்டா செத்துடுச்சின்னு நெனச்சிக்கினியா? இன்னும் உசுரு இருக்கு. இத பாரு.”

மீட்டரை இன்னொரு இடத்தில் வைத்துக் காட்டினாள். மின்சாரமே இல்லாத பெட்டியில் மீட்டர் முந்நூற்றுக்கும் மேலே காட்டிக்கொண்டிருந்தது. சித்ரா ஒரு ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் நீள வயரில் கட்டி அங்கே தொடவைத்தாள். எண் இறங்க ஆரம்பித்தது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, கடைசியில் விட மனமில்லாததுபோல் ஒன்றொன்றாக. பெரிய மிருகம் ஒன்று பக்கத்தில் படுத்து மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்ப்பதுபோல் அஸ்வினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதன்மேல் சாய்ந்துகொண்டு எத்தனை நாள் வாசித்திருக்கிறாள்.

“இப்ப தொடலாம்,” என்று சித்ரா வால்யூம் குமிழைப் பிடித்து மேலே இழுத்தாள். மற்ற குமிழ்களெல்லாம் இறுக்கமாக இருந்தன. இது கையோடு வந்துவிட்டது.

“இன்னாடி இது, இவ்ளோ லூசா இருக்கு. அடிக்கடி கழட்டுவியா?”

“நா கழட்டினதே இல்லக்கா. கழட்ட வரும்ன்னே எனக்குத் தெரியாது.”

சித்ரா குமிழைத் திருப்பிப் பார்த்தாள். அதன் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. குமிழ் உட்காரும் தண்டைச் சுற்றியும், தண்டு பெட்டிக்குள் இறங்கும் இடத்திலும், எறும்புப் புற்றுபோல் மஞ்சள் மண் கட்டியிருந்தது.

“துருவா?”

“துருன்னா செவப்பா இருக்கும். பழைய கிரீஸா இருக்கும்.” சித்ரா வயர்களைச் சூட்டுக்கோலால் விடுவித்து வால்யூமைக் கழற்றி எடுத்தாள். கட்டைவிரல் அகலத் தகர டப்பா, மூன்று கால். பின்மூடியின் தகர நாக்குகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தாள்.

கடைக்குள் சந்தன வாசனை வந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈயப் புகையும் பழைய தூசியும் இருந்த இடத்தில், கோயில் பிராகாரத்தில் நிற்பதுபோல் குளிர்ச்சியாக, சந்தேகமே இல்லாமல், சந்தனம்.

“குதிர லாடம் மாதிரி வளைஞ்ச இந்தக் கருப்புப் பட்ட தெரியுதா,” சித்ராவின் குரல் தானாகவே தணிந்திருந்தது. “இந்த மூலை ஊமை. அந்த மூலை முழுச் சத்தம். நடுவுல இந்தச் சின்னக் கால் நடந்துக்கினு இருக்கு. நீ திருப்பறியே, இந்தக் காலத்தான் நடக்க வக்கிற. அது போற வழியெல்லாம் பாரு.”

லாடத்தின்மேல் மஞ்சள் சேறு உலர்ந்து மேடுமேடாக இருந்தது. கால் மேட்டில் ஏறும்போது தரையை விட்டுவிடுகிறது, சத்தம் அறுந்துபோகிறது. மேட்டைத் தாண்டித் தொப்பென்று விழும்போது இடி.

சித்ரா குமிழை எடுத்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். அடுக்கடுக்காக வந்தது. மஞ்சள், அதன்மேல் மெல்லிய குங்குமச் சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. வெங்காயத் தோல் மாதிரி. மேலடுக்கு மட்டும் உலரவில்லை. விரலில் ஒட்டியது.

“இது இன்னிக்கி வச்சது,” என்றாள் சித்ரா. “இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்ல?”

அஸ்வினி அந்தக் குமிழைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

முந்தின வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை. அரிவாள்மணை, பிரஷர் குக்கர், அவளுடைய செல்போன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அம்மா பெட்டியிடம் வந்தாள். “இதுல எதும்மா சத்தம்?” என்றாள். “மொதல்ல இருக்கறது” என்று கிடாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் அஸ்வினி. நிமிர்ந்து பார்த்தபோது எல்லாக் குமிழிலும் மாட்டு நெற்றி மாதிரி பெரிய பெரிய சந்தனப் பொட்டு. முதல் குமிழில் மட்டும் மூன்று மடங்கு. “ஐயோ, இன்னாம்மா பண்ணி வச்சிருக்க, ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க” என்று ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டாள். அம்மா துணியை வாங்கி முதல் குமிழைத் தானும் துடைத்தாள். அப்போது அது அம்மாவின் கையோடு கழன்று வந்ததும், அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதமாகத் திரும்பப் பொருத்தியதும் அஸ்வினிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

யாருக்கும் தெரியாத இடம். யாரும் சிரிக்க முடியாத இடம். வெள்ளிக்கிழமை தோறும், மகள் தூங்கும்போது, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தையல் மெஷின் வாங்கச் சொன்ன அதே அம்மா.

“ஒங்கம்மாவா?” என்றாள் சித்ரா.

அஸ்வினி தலையை மட்டும் ஆட்டினாள்.

“நேத்து அழுதியா நீ?”

“ஏங்க்கா?”

“இந்த வாரத்துது கொஞ்சம் தூக்கலா இருக்கு. தண்ணியாவும் கரைச்சிருக்காங்க. நல்லா உள்ள எறங்கட்டும்ன்னு இருக்கும்.” சித்ராவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. “பொட்டி மக்கர் பண்ணப் பண்ண பொண்ணு அழுவுது. பொண்ணு அழுவ அழுவ சந்தனம் ஏறுது. சந்தனம் ஏற ஏற பொட்டி மக்கர் பண்ணுது. நல்லா இருக்குடி ஒங்க கத.”

பெட்டிக்குள் எரியும் வெளிச்சத்தைப் பார்த்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. உடம்பில் ஓடும் மின்சாரத்தைக் கேட்டபோதும் இல்லை. தனக்குத் தெரியாமல் தன்மேல் ஒன்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் கேட்க ஒரு பெட்டி கெட்டுப்போக வேண்டியிருந்தது. அஸ்வினி அந்த அடுக்குகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக்கிழமை. சுரண்டாதீங்க என்று சொல்ல நினைத்தாள். சுரண்டாவிட்டால் சனிக்கிழமை இல்லை.

“சொரண்டிடலாமா?” என்று சித்ராவே கேட்டாள்.

“ம்.”

துடைக்கிற திரவத்தைச் சொட்டவிட்டு, பழைய பருத்தித் துணியின் முனையை முறுக்கி, லாடத்தின் மேல் அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள, ஒருத்தி ஒற்றினாள். துணி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அதில் ஓரிடத்தில் மெல்லிய கீறல்.

“இது தேய்ஞ்சது. ஒன்னும் பண்ண முடியாது. என்கிட்ட இருக்கறது மைக் செட்டுக்குப் போடறது, இதுக்குப் பொருந்தாது. புதுசு மெட்ராஸ்லேந்து வரணும். அது வரைக்கும் இந்த எடத்துல லேசா ஒரு மூச்சு கேக்கும். அங்க நிக்காத, தாண்டிப் போயிடு.”

மூடி, நாக்குகளை மடக்கி, மூன்று காலையும் பற்றவைத்தாள். மறுபடி சுவிட்ச். மறுபடி அந்த ஆரஞ்சு. அஸ்வினி வயர் முனையில் விரலை வைத்துக்கொண்டாள். சித்ரா குமிழைச் சுழியிலிருந்து திருப்பினாள்.

முதலில் எதுவும் இல்லை. ஆனால் இந்த ‘எதுவும் இல்லை’ வேறு மாதிரி இருந்தது. அறுந்துபோன ஊமை இல்லை, நிறைந்த அமைதி. அதற்குள்ளிருந்து முனகல் எங்கே தொடங்கியது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. ஏரி மதகைத் திறந்தால் காய்ந்த கால்வாயில் தண்ணீர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மண் நிறம் மாறுமே, அப்படி வந்தது. வந்து, ஏறி, மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்களை நடுங்கவைத்தது. வழியில் ஒரே ஒரு மூச்சு.

“யப்பா,” என்றாள் சித்ரா.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அஞ்சம்மாள் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வாசலில் நிற்பதைப் பார்த்து அடுப்பைத் தணித்தாள்.

“எங்க எட்துக்கினு போன? வித்துட்டு வருவன்னு பாத்தா திரும்பத் தூக்கிக்கினு வர்ற.”

“திண்டிவனம். ரிப்பேரு.”

“சரியாச்சா?”

“ஆயிடுச்சு.” அஸ்வினி பெட்டியை அதன் இடத்தில் வைத்தாள். அம்மாவின் பக்கம் திரும்பாமல், “வால்யூம கழட்டிப் பாத்தாங்க” என்றாள்.

கரண்டி நின்றது.

“அதனாலயாடி கெட்டுச்சு?” அஞ்சம்மாளின் கை வாய்க்குப் போய்விட்டது. “நானா கெடுத்தேன்?”

அஸ்வினி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“கெடலம்மா. ரொம்ப உள்ள போயிடுச்சு. உள்ள முந்நூறு வோல்ட்டு ஓடுது. சாமிக்கு ஷாக் அடிக்கும். சாமி வெளியவே நிக்கட்டும்.”

அஞ்சம்மாள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நீதான சிரிப்பாங்கன்னு சொன்ன.”

“சிரிக்கட்டும். எட்துக்கினு வா.”

“எத?”

“சந்தனத்த. இங்க வையி, மரத்து மேல. கைப்பிடிக்குப் பக்கத்துல. எல்லாருக்கும் தெரியற மாதிரி.”

அஞ்சம்மாள் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மோதிர விரலால் தொட்டு அழுத்தி வைத்தாள். ஒன்றும் இல்லாத இடத்தில், வெறும் மரத்தில், மாட்டு நெற்றி மாதிரி பெரிய பொட்டு. நடுவில் குங்குமம்.

“தையல் மெஷின் வேணாமா?” என்றாள் அஸ்வினி.

“அது அது பாட்டுக்கு. நீ பேச்ச மாத்தாத. களி ஆறுது.”

சனிக்கிழமை ஒத்திகைக்கு விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டு மாடியறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் கீபோர்டுக்காரன் கோபி விசிலடித்தான்.

“பொங்கலுக்கு இன்னும் நாளு இருக்குதே, அஸ்வினி. கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கலியா?”

“அடிக்கணும். மாடு நீ கொஞ்சம் கிட்ட வா,” என்றாள் அவள். இசைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அஸ்வினி இந்த அறையில் பதிலுக்குப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தேவசகாயம் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். “கோபி, அந்தக் கிடார் டோன ரெடியா வச்சிக்கோ. நீ ஆரம்பிம்மா. சைபர்லேந்து.”

சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் சூடேறும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் முன்பெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புள்ளி தோன்றும், சிவக்கும், நிற்கும். சூடு மேலே ஏறியது. அதனோடு, மேல் மரத்திலிருந்தா, அல்லது துணி எட்டாமல் உள்ளே எங்கோ மிச்சம் இருந்த ஒரு துணுக்கிலிருந்தா என்று தெரியவில்லை, அந்த வாசனையும் ஏறியது.

தந்தியை மீட்டி, அதன் அதிர்வு விரலடியில் இருக்கும்போதே வலதுகையை நீட்டிக் குமிழைத் திருப்பினாள். லாடத்தின் ஊமை மூலையிலிருந்து அந்தச் சின்னக் கால் நடக்கத் தொடங்கியது. கீறல் வரும் இடம் விரலுக்குத் தெரிந்தது. மூச்சுபோல ஒரு ஒலி. தாண்டினாள். சத்தம் இல்லாத இடத்திலிருந்து சத்தம் வந்து அறையில் எழுந்து நின்றது. இசைவாணி பாடத் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்க மறந்துவிட்டாள். ஸ்வரம் மெல்லத் தேய்ந்து அடங்கும்வரை எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தேவசகாயம் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். மூக்கை உறிஞ்சினார்.

“இன்னாம்மா, சந்தன வாசன வருது?”

“உள்ளேந்து வருதுங்க சார்.”

அவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பொட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோபியின் பக்கம் திரும்பி, “அந்த டோன ஆஃப் பண்ணுடா” என்றார்.

கோபி ஆஃப் செய்தான்.

“நாளைக்கு ஜல்தி வந்துடு, அஸ்வினி,” என்றார் தேவசகாயம். “அது சூடாக நேரம் எடுக்கும் இல்ல?”